பெட்டை நாய்களின் கருத்தடை: எதை எடுப்பது, எந்த வழியில் எடுப்பது

அமெரிக்காவில் ஒரு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்யும் கால்நடை மருத்துவர் பெரும்பாலும் இரண்டு சினைப்பைகளையும் கருப்பையையும் சேர்த்தே எடுத்துவிடுகிறார். நெதர்லாந்தில் அதே வயதும் அதே எடையும் கொண்ட நாய்க்குச் சினைப்பைகள் மட்டும் எடுக்கப்பட்டு, கருப்பை இருந்த இடத்திலேயே விடப்படுகிறது. இந்தியாவில் தெருநாய்களுக்கான மையங்கள் பலவற்றில் வயிற்றின் நடுப்பகுதியைத் தொடாமல், வலப்பக்க விலாவுக்குப் பின்னால் சிறு கீறல் போட்டு அதன் வழியாகவே அனைத்தும் வெளியே எடுக்கப்படுகின்றன. குட்டி ஈனுவதைத் தடுப்பது என்ற நோக்கம் மூன்று இடங்களிலும் ஒன்றுதான். ஆனால் எந்த உறுப்பை எடுப்பது, எந்த வழியில் எடுப்பது என்ற இரு கேள்விகளுக்கும் கிடைக்கும் விடை, நாய் வாழும் இடத்தையும் அதன் உடலையும் மருத்துவர் பயின்ற பள்ளியையும் பொறுத்து மாறுகிறது.

இவ்வேறுபாடுகளை விளங்கிக்கொள்ள நாயின் வயிற்றுக்குள் உறுப்புகள் அமைந்திருக்கும் விதத்தை முதலில் அறிய வேண்டும். மனிதக் கருப்பை ஒற்றைப் பையாக இருக்க, நாயின் கருப்பையோ கவட்டைக் கம்பு போல இரு கிளையாகப் பிரிந்தது. நடுத்தர உடலும் குட்டி ஈனாத கருப்பையும் உடைய நாயில் அடித்தண்டின் நீளம் 3 செ.மீ.க்கு மேல் இராது. ஆனால் கொம்புகள் எனப்படும் கிளைகள் ஒவ்வொன்றும் 10 முதல் 14 செ.மீ. வரை முன்னோக்கி நீண்டு, சிறுநீரகங்களுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் சினைப்பைகளை எட்டுகின்றன. குட்டிகள் வளர்வது இக்கொம்புகளுக்குள்தான். சினைப்பை சுமார் 1.5 செ.மீ. நீளமே உள்ள சிறு உறுப்பு. அதுவும் வெளிப்படையாகத் தெரியாமல், கொழுப்பு படிந்த மெல்லிய உறை ஒன்றுக்குள் மறைந்திருக்கும். அந்த உறையில் ஒரு சிறு பிளவு மட்டுமே உண்டு. கொழுத்த நாயில் மருத்துவரின் விரல்கள் சினைப்பையைத் தொட்டு உணர்கின்றனவே தவிர, கண்கள் அதைக் காண்பதில்லை.

ஒவ்வொரு சினைப்பையையும் கடைசி விலா எலும்புகளின் பக்கமாக இழுத்துப் பிடித்திருக்கும் நாண் ஒன்று உண்டு. உறுதியான இந்தத் தொங்குநாண் அறுபட்டால் அல்லது தளர்ந்தால்தான் சினைப்பை வயிற்றுக்கு வெளியே வரும். மருத்துவர் ஆள்காட்டி விரலால் அதை மெல்ல அழுத்தித் தளர்த்தும்போது, மயக்கம் போதிய ஆழத்தில் இல்லாத நாய் சட்டென்று வேகமாக மூச்சுவிடத் தொடங்கும். மயக்க மருந்து கவனிப்பவர் உடனே அளவைக் கூட்டுவார். அறுவையின் மிக வலியான கணம் அதுவே. நாணுக்கு அருகிலேயே பெருந்தமனியிலிருந்து நேரடியாகக் கிளைத்து வரும் சினைப்பைத் தமனி ஓடுவதால், நாணைக் கிழிக்கும் விரல் சற்று வழுவினாலும் இரத்தக்குழாய் கிழிந்துவிடும். வலப்பக்கச் சினைப்பை இடப்பக்கத்தைவிட முன்னால், விலாக்கூட்டுக்கு இன்னும் நெருக்கமாக இருப்பதால் அதை வெளியே கொணர்வது கடினம். தவறுதலாகச் சினைப்பைத் துண்டு உள்ளே விடுபட்டுப்போவது வலப்பக்கத்தில் மிகுதியாக நடப்பதற்கும் அதுவே காரணம்.

நாயின் இனப்பெருக்கச் சுழற்சியும் பிற விலங்குகளினின்று வேறுபட்டது. 'ஹீட்' என்று வளர்ப்போர் சொல்லும் பருவகாலம் பெரும்பாலும் ஆண்டுக்கு இரு முறை வருகிறது. கசிவு தெரியும் முதற்கட்டம் சுமார் 9 நாள், ஆண் நாயை ஏற்கும் இரண்டாம் கட்டம் சுமார் 9 நாள். இதன்பின் இனச்சேர்க்கை நடந்தாலும் நடக்காவிட்டாலும், சினைப்பை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோனைச் சுரந்துகொண்டே இருக்கும். கருவுற்ற நாயில் இந்த ஹார்மோன் கருவைத் தாங்குகிறது. கருவுறாத நாயிலும் அதே அளவு ஹார்மோன் ஓடுவதால், அதன் கருப்பை ஒவ்வொரு முறையும் வராத குட்டிகளுக்காகத் தன்னைத் தயாரித்துக்கொள்கிறது. சில நாய்களின் மடி பெருத்துப் பால்கூடச் சுரக்கும். துணி மூட்டையைக் குட்டியாகக் கருதி அணைத்துப் படுக்கும் இந்நிலைக்குப் பொய்ச்சினை என்று பெயர்.

ஆண்டுக்கு இரு முறை, ஆண்டுக்கணக்கில் இப்படி ஹார்மோனில் ஊறிய கருப்பையின் உட்சுவர் தடித்து, அதில் நீர்ப்பைகள் தோன்றுகின்றன. புரோஜெஸ்டிரோன் கருப்பையின் சுருக்கத்தையும் நோயெதிர்ப்பையும் அடக்கி, கருப்பை வாயை மூடிவைப்பதால், பருவத்தின்போது உள்ளே புகுந்த ஈ.கோலி போன்ற பாக்டீரியாக்கள் அங்கேயே பெருகிச் சீழாகத் தேங்குகின்றன. பயோமெட்ரா எனப்படும் இந்நோய், கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே கசிவே தெரியாமல் சில நாட்களில் உயிரைப் பறிக்கும். கருத்தடை அதிகம் வழக்கில் இல்லாத ஸ்வீடனில் காப்பீட்டுப் பதிவுகளை ஆராய்ந்து 2001இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 10 வயதுக்குள் பெட்டை நாய்களில் 23 முதல் 24 விழுக்காட்டுக்கு இந்நோய் வந்திருந்ததைக் காட்டியது. நான்கில் ஒரு நாய்க்குச் சற்றுக் குறைவு என்பது சிறிய கணக்கன்று.

பயோமெட்ராவின் இருப்பிடம் கருப்பை என்றாலும் அதன் தூண்டுகோல் சினைப்பை என்பதே இந்த விவகாரத்தின் மையப் புள்ளி. சினைப்பைகளை முழுமையாக எடுத்துவிட்டால் புரோஜெஸ்டிரோன் நின்றுவிடுகிறது. புரோஜெஸ்டிரோன் இல்லாத கருப்பை நாளடைவில் மெலிந்து நூல்போல் சுருங்கிவிடுகிறது. சுருங்கிய கருப்பையில் சீழ் கோக்க வாய்ப்பில்லை. கருப்பை எடுக்கப்படாமல் விடப்பட்டால் பிற்காலத்தில் அது கெட்டுவிடும் என்ற அச்சம் பரவலாக இருந்தாலும் அதற்கு உடலியல் அடிப்படை இல்லை. மறுபுறம், கருப்பையை எடுத்துவிட்டுச் சினைப்பையில் ஒரு துளி திசுவை விட்டுவைத்தால், எஞ்சிய கருப்பை அடித்தண்டிலேயே சீழ் கோக்கக்கூடும். அதற்கு எச்சக் கருப்பைச் சீழ் என்று பெயர். நோயின் தொடக்கம் எங்கே என்பதை இவ்விரு நிலைகளும் ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகின்றன.

இந்தத் தர்க்கத்தை நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓக்கென்ஸ் முதலானோர் நாய்களைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்து சோதித்தனர். சினைப்பை நீக்கம் மட்டும் செய்யப்பட்ட நாய்களையும், சினைப்பையும் கருப்பையும் சேர்த்து நீக்கப்பட்ட நாய்களையும் 8 முதல் 11 ஆண்டுகள் கழித்து ஒப்பிட்டு அவர்கள் 1997இல் வெளியிட்ட முடிவு, நீண்டகாலச் சிக்கல்களில் இரு குழுக்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை என்பதே. சிறுநீர் ஒழுக்கிலும்கூட வேறுபாடில்லை. கருப்பையை விட்டுவைத்தால் அதில் புற்று வரலாமே என்ற வாதம் அடிக்கடி எழுப்பப்படுகிறது. ஆனால் நாய்களுக்கு வரும் கட்டிகள் அனைத்திலும் கருப்பைக் கட்டிகளின் பங்கு 0.4 விழுக்காடு மட்டுமே, அவற்றிலும் பெரும்பான்மை தீங்கற்ற தசைக்கட்டிகள்.

கருப்பையையும் சேர்த்து எடுப்பதற்குக் கூடுதல் விலை உண்டா என்று கேட்டால், உண்டு, ஆனால் அது பெரியதன்று. சினைப்பைகளை மட்டும் எடுப்பதற்குத் தொப்புளையொட்டிச் சிறு கீறல் போதும். கருப்பை வாய்வரை செல்ல வேண்டுமானால் கீறல் பின்னோக்கி நீள வேண்டும், அகன்ற சவ்வைக் கிழிக்க வேண்டும், சிறுநீர்ப்பைக்கு மிக அருகில் முடிச்சுப் போட வேண்டும். அவ்விடத்தில் சிறுநீர்க்குழாயையும் சேர்த்து முடிச்சிட்டுவிடும் விபத்து அரிதாக நேர்வதுண்டு. நேர்ந்தால் அப்பக்கச் சிறுநீரகம் வீணாகிவிடும். 2011இல் பீட்டர்ஸும் கிர்பென்ஸ்டெய்னும் ஆரோக்கியமான நாய்களை ஒப்பிட்டபோது, கீறலின் நீளத்தில்தான் வேறுபாடு தென்பட்டது. அறுவை நேரத்திலும் வலியிலும் இரு முறைகளும் ஏறத்தாழச் சமமாகவே இருந்தன. இளமையும் ஆரோக்கியமும் உள்ள நாயைப் பொறுத்தவரை கருப்பை நீக்கம் தவறு என்று சொல்வதற்கில்லை. தேவையற்ற கூடுதல் வேலை என்பதே பொருத்தமான மதிப்பீடு. அமெரிக்கக் கால்நடைக் கல்லூரிகள் அதை விடாமல் கற்பித்து வருவதற்கு அறிவியலைவிடப் பழக்கமே வலுவான காரணமாகத் தோன்றுகிறது.

கருப்பையைக் கட்டாயம் எடுக்க வேண்டிய நிலைகளும் உண்டு. பயோமெட்ரா ஏற்பட்ட நாய், கருவுற்ற நாய், கருப்பைச் சுவர் தடித்து நீர்ப்பை கட்டிய முதிய நாய், பருவத்தைத் தள்ளிப்போடுவதற்காகப் புரோஜெஸ்டிரோன் சார்ந்த ஊசி போடப்பட்ட நாய் ஆகியவற்றில் சினைப்பையை மட்டும் எடுத்துவிட்டு வயிற்றைத் தைப்பது பொறுப்பற்ற செயலாகும். வயிற்றைத் திறந்தபின் கருப்பைக் கொம்பு இயல்பான நிறத்திலும் பருமனிலும் இருக்கிறதா என்று பார்த்தே மருத்துவர் இறுதி முடிவை எடுக்க வேண்டும்; கீறலுக்கு முன்பே எழுதிவைத்த திட்டம் அங்கே மாறக்கூடும்.

தெருநாய்களின் கணக்கு இதிலிருந்து வேறானது. அவற்றின் வயதும் முந்தைய வரலாறும் யாருக்கும் தெரியாது. பிடித்துவரப்படும் நாய் சினையாக இருக்கலாம், பால் கொடுத்துக்கொண்டிருக்கலாம், கருப்பையில் நோய் இருக்கலாம். விடுவித்த பிறகு அதை மறுபடி பிடித்துத் தையல் பார்ப்பது பெரும்பாலும் நடவாத காரியம். மேலும், இந்தியாவின் நாய் இனக்கட்டுப்பாட்டுத் திட்டங்களில் நீக்கப்பட்ட உறுப்புகளை எண்ணிப் பார்த்து அறுவைகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் நடைமுறையும் உண்டு. இக்காரணங்களால் சினைப்பையும் கருப்பையும் சேர்த்து எடுப்பதே இங்கு வழக்கமாக நிலைத்திருக்கிறது. அதைக் குறைகூற இடமில்லை.

நாயைக் கொல்லாமல் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்து, பிடித்த தெருவிலேயே திரும்ப விடும் இத்திட்டத்தில் சென்னைக்கு முன்னோடி இடம் உண்டு. கேப்டன் வி. சுந்தரம் 1959இல் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு 1960களிலேயே இக்கருத்தை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை 1990களின் நடுவில்தான் ஏற்றுக்கொண்டது. மத்திய அரசின் விதிகள் 2001இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2023 மார்ச்சில் அறிவிக்கப்பட்டன. இம்முறை பலன் தருமா என்பதற்கு ஜெய்ப்பூர் நல்ல சான்று. அங்கே ஹெல்ப் இன் சஃபரிங் என்னும் தொண்டு நிறுவனம் 1994 முதல் 2002 வரை 24,986 நாய்களைக் கையாண்டு, பெட்டை நாய்களில் சுமார் 65 விழுக்காட்டுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்ததில், நாய்களின் எண்ணிக்கை 28 விழுக்காடு குறைந்தது. திட்டப் பகுதியில் மனிதர்களுக்கு வரும் வெறிநோயும் இல்லாமல் போனது. இந்த அளவில் பணி நடக்க வேண்டுமானால் அறுவை விரைவாகவும், பிற்கவனிப்பு குறைவாகவும் இருந்தாக வேண்டும்.

வலப்பக்க விலாப்புற வழி இந்தியாவில் செல்வாக்குப் பெற்றது இந்த நெருக்கடியில்தான். உலகெங்கும் வழக்கமான நடுவயிற்று வழியில் நாயை மல்லாத்திப் படுக்கவைத்து, இரு பக்கத் தசைகளும் சந்திக்கும் வெண்கோடு என்ற நார்ப்பட்டையைக் கீறுவார்கள். அங்கே தசையே இல்லாததால் இரத்தக்கசிவு மிகக் குறைவு, இரு சினைப்பைகளும் சம தொலைவில் கிடைக்கும், வேண்டுமானால் கீறலை முன்னும் பின்னும் நீட்டிக்கொள்ளலாம். ஆனால் குடல் முழுவதன் எடையும் அந்தத் தையலின் மேல்தான் அமர்கிறது. தையல் பிரிந்தால் குடல் வெளியே சரிந்துவிடும். தெருவில் அது மரணம்.

விலாப்புற வழியில் நாய் இடப்பக்கமாகப் படுத்திருக்க, கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே சிறு கீறல் போடப்படுகிறது. அடியில் மூன்று தசைப் படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக, இழைகள் வெவ்வேறு திசையில் ஓடும்படி அமைந்துள்ளன. தேர்ந்த மருத்துவர் அவற்றை வெட்டாமல் இழையோட்டத்திலேயே விரித்து வழி செய்துகொள்வதால், கருவியை எடுத்தவுடன் படலங்கள் தாமாகவே ஒன்றையொன்று மூடிக்கொள்கின்றன. எட்டுவதற்குக் கடினமான வலச் சினைப்பை கீறலுக்கு நேர் கீழே கிடைக்கிறது. பால் நிறைந்த மடியைக் கத்தி தொடுவதில்லை. குப்பைத்தொட்டியின் அருகே நின்றுகொண்டிருக்கும் நாயின் தையல் ஆறுகிறதா என்பதைப் பத்தடி தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஜெய்ப்பூர் மருத்துவர்கள் இந்தச் சிறுகீறல் முறையை விரிவாக விவரித்து, மதிப்பிட்டு 2012இல் வெளியிட்டனர்.

இவ்வழிக்குக் குறைகளும் உண்டு. இடச் சினைப்பையை ஆழத்திலிருந்து இழுத்து வலப்பக்கக் கீறல் வழியாக வெளியே கொணர வேண்டும்; அங்கே போட்ட முடிச்சு நழுவி, குழாய் உள்ளே சுருங்கிப்போனால், சிறு துளை வழியாக அதைத் தேடிப் பிடிப்பது எளிதன்று, நாயைப் புரட்டி நடுவயிற்றைத் திறக்க நேரிடும். உடல் பருத்த நாய்க்கும், சினை முற்றிய நாய்க்கும், பயோமெட்ராவால் கொம்புகள் வீங்கிய நாய்க்கும் இவ்வழி பொருந்தாது. அனுபவமற்ற கைகளுக்கு நடுவயிற்று வழியே பாதுகாப்பானது. வழியைத் தேர்ந்தெடுப்பதில் நாயின் உடலுக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அதே அளவு மருத்துவரின் பழக்கத்துக்கும் உண்டு.

இவ்வழிகளில் எதுவாயினும் உயிரைக் காப்பது முடிச்சுதான். சினைப்பைத் தமனியை இடுக்கிகளால் பிடித்து, ஒரு இடுக்கி நசுக்கிய பள்ளத்தில் நூலைப் பதித்து இறுக்கி, வெட்டி, நுனியைச் சிறு இடுக்கியில் பிடித்தவாறே இரத்தம் கசிகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகே உள்ளே விடுவார்கள். 25 கிலோவுக்கு மேற்பட்ட நாய்களில், குறிப்பாகக் கொழுப்பு திரண்டவற்றில், நூல் கொழுப்பை இறுக்குமே தவிர இரத்தக்குழாயை இறுக்காமல் போகும் ஆபத்து உண்டு; கருத்தடையின் அறுவைக்காலச் சிக்கல்களில் இரத்தப்போக்கே முதன்மையானது. அண்மைக் காலத்தில் மின்வெப்பத்தால் குழாயை ஒட்டி மூடி, அதே முனையால் வெட்டும் கருவிகள் வந்துள்ளன. நல்ல கருவிகள்தாம், ஆனால் விலை மிகுதி.

அக்கருவிகள் முழுப் பயன் தருவது லேப்பராஸ்கோப்பி எனப்படும் நுண்துளை அறுவையில். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைச் சற்று உப்பவைத்து, 5 மி.மீ. அளவுள்ள துளைகள் வழியாக ஒளிக்கருவியும் இடுக்கியும் நுழைக்கப்படுகின்றன. நாயை ஒரு பக்கம் சாய்த்தால் குடல் விலகிச் சினைப்பை திரையில் பெரிதாகத் தெரிகிறது. தொங்குநாண் விரலால் கிழிக்கப்படாமல் மின்முனையால் அறுக்கப்படுகிறது. முன்பு சொன்ன வலியின் மூலம் இங்கே பெருமளவு நீங்கிவிடுகிறது. அதன் விளைவை அளந்த ஆய்வு ஒன்று நினைவில் கொள்ளத்தக்கது. 2009இல் கல்ப், மேஹ்யூ, பிரவுன் ஆகியோர் 10 கிலோவுக்குக் குறைந்த நாய்களின் கழுத்துப்பட்டையில் அசைவைப் பதியும் சிறு கருவியைப் பொருத்தி, அறுவைக்கு முந்தைய நடமாட்டத்தையும் பிந்தைய நடமாட்டத்தையும் ஒப்பிட்டனர். வயிற்றைத் திறந்து சினைப்பை எடுக்கப்பட்ட நாய்களின் நடமாட்டம் 62 விழுக்காடு குறைந்தது; நுண்துளை முறையில் 25 விழுக்காடுதான் குறைந்தது. நாய் தன் வலியைச் சொல்லாது என்பதால், இத்தகைய அளவீடு உரிமையாளரின் மதிப்பீட்டைவிட நம்பத்தக்கது.

நுண்துளை முறையில் எடுக்கப்படுவது பெரும்பாலும் சினைப்பைகள் மட்டுமே என்பதும் கவனிக்க வேண்டியது. கருப்பையை விடுவதற்கு மருத்துவர்கள் துணிந்த பின்னரே இம்முறை எளிதாயிற்று. செலவும், பயிற்சி பெற்றோர் பற்றாக்குறையும் இதைப் பெருநகர மருத்துவமனைகளுக்குள் நிறுத்திவைத்திருக்கின்றன. ஆழ்ந்த மார்பும் பெரிய உடலும் கொண்ட நாய்களில்தான் இதன் பயன் மிகுதி, ஏனெனில் அவற்றின் சினைப்பைகளே திறந்த முறையில் மிகவும் எட்டாதவை.

சினைப்பையை விட்டுவிட்டுக் கருப்பையை மட்டும் எடுக்கும் முறை இவற்றுக்கு நேர் எதிரான திசையில் செல்கிறது. ஹார்மோன் இழப்பால் வரும் தீமைகளைத் தவிர்ப்பதே இதன் நோக்கம். அத்தீமைகள் கற்பனையல்ல. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 1989இல் வெளியிட்ட ஆய்வில், கருத்தடை செய்யப்பட்ட நாய்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சிறுநீர் ஒழுக்கு காணப்பட்டது. 20 கிலோவுக்கு மேற்பட்டவற்றில் 31 விழுக்காடு, குறைந்தவற்றில் 9 விழுக்காட்டை ஒட்டிய அளவு. ஈஸ்ட்ரோஜன் இல்லாதபோது சிறுநீர்வழிச் சுருக்குத்தசையின் இறுக்கம் குறைவதே காரணம். மாத்திரைகளால் பெரும்பாலான நாய்களில் இதைக் கட்டுப்படுத்தலாம். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் ஹார்ட் இணையர் 2013 முதல் வெளியிட்டுவரும் ஆய்வுகள், பல பெரிய இனங்களில் ஒரு வயதுக்குள் கருத்தடை செய்தால் மூட்டு நோய்கள் கூடுவதையும், கோல்டன் ரெட்ரீவர் பெட்டைகளில் சில புற்றுகள் கூடுவதையும் காட்டின. 2020இல் 35 இனங்களை அவர்கள் தனித்தனியே ஆராய்ந்தபோது, சிறிய இனங்களில் மூட்டுச் சிக்கல் தென்படவில்லை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை. எனவே அங்கே கண்ட வயதுக் கணக்கை நம் இனங்களுக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ராஜபாளையத்தின் உடல் எடையைக் கருதி ஒரு வயது நிறையும்வரை காத்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம், அவ்வளவே.

சினைப்பை இருக்க, கருப்பை மட்டும் போனால் நாய் தொடர்ந்து பருவத்துக்கு வரும். ஆண் நாய்கள் வாசலில் கூடும். பொய்ச்சினையும் மடிக்கட்டி ஆபத்தும் நீடிக்கும். கருப்பை வாய் உட்பட முழுவதையும் எடுக்காமல் சிறு பகுதியை விட்டால், புரோஜெஸ்டிரோன் அதில் சீழை உண்டாக்கக்கூடும். இனச்சேர்க்கை நடந்தால் தைக்கப்பட்ட பிறப்புறுப்பின் உள்முனை கிழியக்கூடும். 2023இல் வெளியான, உரிமையாளர்களின் பதில்களைத் தொகுத்து 6,018 நாய்களை ஒப்பிட்ட ஆய்வு, சினைப்பை காக்கப்பட்ட நாய்களுக்குச் சாதகமான சில முடிவுகளைத் தந்தாலும், தாமே முன்வந்து விடையளித்தோரின் நாய்களைக் கொண்டு பொதுவிதி வகுப்பது கடினம். மதிலும் கதவும் உள்ள வீட்டில், பருவகாலத்தில் நாயைப் பூட்டிவைக்கும் ஒழுங்கு உள்ளவருக்கு மட்டுமே இம்முறை ஏற்றது. தெருநாய்க்கு இது முற்றிலும் பொருந்தாது. இந்தியத் தெருநாய்களில் பரவலாக உள்ள தொற்றுப் பால்வினைக் கட்டி, புணர்ச்சியின்போது உயிருள்ள புற்றுச்செல்களே ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ஒட்டிக்கொள்வதால் பரவுகிறது. புணர்ச்சியை நிறுத்தாத கருத்தடை அதற்கு வழிவிட்டுவிடும். கருக்குழாயை மட்டும் முடிச்சிடும் முறையும் இதே காரணங்களால், கருப்பையும் உள்ளேயே இருப்பதால் பயோமெட்ரா ஆபத்தும் சேர்ந்து, பரிந்துரைக்கத்தக்கதன்று.

மடிக்கட்டி பற்றிய எண்களைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். 1969இல் ஷ்னைடரும் உடனாய்வாளர்களும், முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்தால் மடிப்புற்று ஆபத்து கருத்தடை செய்யாத நாய்க்கு உள்ளதில் 0.5 விழுக்காடாகவும், ஒரு பருவத்துக்குப் பின் 8 விழுக்காடாகவும், இரண்டுக்குப் பின் 26 விழுக்காடாகவும் இருக்கும் என்று கணித்தனர். அரை நூற்றாண்டாக ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஒப்பிக்கப்படும் இந்த எண்களை 2012இல் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் பிற ஆய்வுகளோடு சேர்த்து முறையாக மதிப்பிட்டு, சான்று வலுவற்றது என்றனர். ஆபத்து குறைகிறது என்ற திசை சரியாக இருக்கலாம்; தசமப் புள்ளி வரையிலான துல்லியத்தை நம்ப வேண்டியதில்லை.

காலத் தேர்வில் ஒன்று மட்டும் எல்லா முறைகளுக்கும் பொது. பருவம் முடிந்து இரண்டரை, மூன்று மாதம் கழித்துச் செய்வதே நல்லது. பருவத்தின்போது குழாய்கள் இரத்தம் பெருகி உடையும் தன்மையில் இருக்கும். அதையடுத்த புரோஜெஸ்டிரோன் காலத்தில் சினைப்பையைச் சட்டென்று எடுத்தால், அந்த ஹார்மோனின் திடீர்ச் சரிவு பால் ஹார்மோனை உயர்த்தி நீங்காத பொய்ச்சினையில் கொண்டுவிடும். மயக்க மருந்தைத் தேர்வதில் இனமும் முக்கியம். சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை நாய்களில் கொழுப்பு மிகக் குறைவு. அத்தகைய உடலமைப்புள்ள கிரேஹவுண்டில் தயோபென்டோன் மயக்க மருந்து தெளிய நெடுநேரம் ஆவதை மருத்துவர்கள் அறிவர், ஆகவே இனத்தை முன்பே சொல்லிவிடுவது உரிமையாளரின் கடமை.

இளம் வயதுள்ள, நோயற்ற வீட்டு நாய்க்குச் சினைப்பை நீக்கமே போதுமானது, வசதி இருந்தால் நுண்துளை வழியில். தெருநாய்க்கும் முதிய நாய்க்கும் கருப்பையையும் சேர்த்து நீக்குவதே ஏற்றது. எந்த முறையாயினும், அறுவை முடிந்ததும் எடுக்கப்பட்ட உறுப்புகளைக் காட்டுமாறு உரிமையாளர் மருத்துவரைக் கேட்கலாம்: தட்டில் இரண்டு சினைப்பைகளும், கொழுப்புறை பிளக்கப்பட்டு, முழுமையாகத் தெரிய வேண்டும். சில மாதங்கள் கழித்து நாய் மீண்டும் பருவத்துக்கு வந்ததுபோல் தோன்றினால் வயதைக் காரணம் காட்டிக் காத்திராமல், விடுபட்ட சினைப்பைத் திசுவைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும்.